ஸோர்ன் என்ற பெயரின் வழியே மூரா வரை

செவ்வாய், ஸ்டாக்ஹோம்

எண்ணெய் வண்ணத்தில் முகம் வரையப் பழகுகிற எவரும் சில மாதங்களுக்குள் 'ஸோர்ன் வண்ணத்தட்டு' என்ற பெயரைக் கேட்டுவிடுவார். வெள்ளை, மஞ்சள் காவி, வெர்மிலியன் சிவப்பு, தந்தக் கருப்பு ஆகிய நான்கை மட்டும் வைத்துக்கொண்டு மனிதத் தோலின் நிறங்களையெல்லாம் கலந்தெடுக்கும் முறைக்கு அந்தப் பெயர். நீலம் அதில் கிடையாது. கருப்போடு வெள்ளை சேரும்போது வருகிற குளிர்ந்த சாம்பல், பக்கத்தில் சிவப்பும் காவியும் இருந்தால் நம் கண்ணுக்கு நீலமாகவே தெரிகிறது. அதே கருப்பைக் காவியோடு குழைத்தால் மங்கிய பச்சை கிடைக்கிறது. வெர்மிலியன் பாதரசச் சேர்மம் என்பதால் இன்று அதன் இடத்தில் காட்மியம் சிவப்பும், ஈய வெள்ளையின் இடத்தில் டைட்டானியம் வெள்ளையும் வந்துவிட்டன. நான் முகம் வரையக் கற்றுக்கொண்டது இந்த நான்கு வண்ணங்களில்தான். ஆகவே அந்தப் பெயருக்குரிய ஆண்டர்ஸ் ஸோர்ன் என்ற ஸ்வீடன் நாட்டு ஓவியரின் (1860–1920) படங்களை அவர் மண்ணிலேயே பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் விருப்பம். ஸ்வீடன் முழுவதும் கோடையின் நடுநாளைக் கொண்டாடும் மிட்சம்மர் வாரத்தில் அது நிறைவேறுகிறது.

தேசிய அருங்காட்சியகத்தில் 1896ஆம் ஆண்டின் தன்னுருவப் படத்தின் முன்னால்தான் முதலில் நின்றேன். வெளிர் மேலங்கி அணிந்த ஓவியர் முன்புறம் அமர்ந்திருக்கிறார். மாதிரியாக நிற்கும் பெண் பின்னால் இருளில் பாதி மறைந்திருக்கிறாள். கையிலிருக்கும் வண்ணத்தட்டில் அந்தச் சில நிறங்கள்தான் தென்படுகின்றன. நால்வண்ணக் கோட்பாட்டைப் போதிப்பவர்கள் சான்றாகக் காட்டுவது இந்தப் படத்தைத்தான். மேலங்கியின் மடிப்புகளை அருகில் சென்று பார்த்தால், அவை தூரிகையின் அகலமான சில இழுப்புகள் மட்டுமே என்று தெரிகிறது. ஓர் இழுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே எதையும் தேய்த்து மென்மையாக்கவில்லை. பத்தடி பின்னே வந்ததும் அது துணியாகிவிடுகிறது.

ஆனால் அதே கட்டடத்தில் தொங்கும் 1897ஆம் ஆண்டின் 'மிட்சம்மர் நடனம்' வேறொரு பாடம் சொல்கிறது. இரவாகியும் மறையாத வெளிச்சத்தில் கிராமத்துத் திடலில் இணை இணையாகச் சுழன்று ஆடுகிறார்கள். பின்னால் கம்பம், செந்நிற மர வீடுகள், சன்னல் கண்ணாடியில் ஒளிரும் வானம். இந்தப் புல்லின் பச்சையையும் கோடை இரவின் அந்த விசித்திரமான நிறத்தையும் நான்கு வண்ணங்களுக்குள் அடக்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. 1880களில் நீர்வண்ணத்தில் கடலையும் அலைகளையும் வரைந்தே புகழ் பெற்றவர் நீலத்தை அறியாதவராக இருந்திருக்க முடியாது. 1886இல் அவர் நீர்வண்ணத்தில் வரைந்த 'சொம்மார்னயே' என்ற படம், தன் மனைவி எம்மா கடல் ஓரத்து மரத்துறையில் நிற்கும் காட்சி, 2010இல் 2 கோடியே 60 லட்சம் குரோனாவுக்கு ஏலம் போனது. அது முழுக்கத் தண்ணீரின் படம். முகம் வரையும்போது தேவையில்லாதவற்றை ஒதுக்கிவைத்தார், அவ்வளவே. பிற்காலத்தவர் அதை ஒரு சட்டமாக்கி அவர் பெயரையும் சூட்டிவிட்டார்கள். சட்டம் நல்ல சட்டம்தான், மாணவருக்குப் பெரிதும் உதவுகிறது. அது மட்டுமே ஸோர்ன் என்று எண்ணிவிடுவதுதான் அவருக்குச் செய்கிற குறை.

கணிதம் படித்த வாசகர்கள் 'ஸோர்ன் துணைத்தேற்றம்' பற்றிக் கேட்கக்கூடும். அது ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த மாக்ஸ் ஸோர்ன் (1906–1993) 1935இல் வெளியிட்ட கட்டுரையின் வழியே நிலைத்த பெயர். இந்த ஓவியரோடு அதற்குத் தொடர்பில்லை. இருவர் பெயரும் ஜெர்மானியக் குடும்பப் பெயர் என்பது மட்டுமே பொது. ஓர் ஸ்வீடன் கிராமத்துப் பிள்ளைக்கு ஜெர்மானியப் பெயர் எப்படி வந்தது என்பதை நாளைய பயணத்தில் எழுதுகிறேன்.

புதன், ரயிலிலும் மூராவிலும்

ஸ்டாக்ஹோமிலிருந்து ஸோர்ன் பிறந்த ஊரான மூராவுக்கு ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். முதல் பெரிய நிறுத்தம் உப்சாலா. கதை தொடங்குவதும் அங்கேதான். டாலர்னா மாகாணத்து ஏழைப் பெண்கள் பருவத்துக்குப் பருவம் கூலி வேலை தேடி வெளியூர்களுக்குப் போவது அக்காலத்து வழக்கம். மூராவைச் சேர்ந்த க்ரூட் அன்னா ஆண்டர்ஸ்டாட்டர் என்ற இளம்பெண் அப்படி உப்சாலாவின் மதுவடிப்பு ஆலை ஒன்றுக்கு வேலைக்கு வந்தார். அங்கே பியர் வடிக்கும் வல்லுநராக இருந்த லியோன்ஹார்ட் ஸோர்ன் என்ற ஜெர்மானியரைச் சந்தித்தார். திருமணம் நடக்கவில்லை. 1860 பிப்ரவரி 18 அன்று மூராவில் குழந்தை பிறந்தது. தந்தை தன் பெயரை மகனுக்குத் தர ஒப்புக்கொண்டார். ஆனால் மகன் அவரைக் கண்ணால் கண்டதே இல்லை. 1872இல் லியோன்ஹார்ட் ஹெல்சிங்கியில் இறந்தபோது விட்டுச்சென்ற சிறு சொத்தின் ஒரு பங்கு பையனின் படிப்புக்கு உதவியது.

பேரனை வளர்த்தவர்கள் தாயின் பெற்றோர். மரத்துண்டுகளில் உருவங்களைச் செதுக்கிக்கொண்டிருந்த பையன் 15 வயதில் ஸ்டாக்ஹோமின் அரசுக் கலைக் கழகத்தில் சேர்ந்தார். சிற்பியாக வேண்டும் என்றுதான் போனார். 1880இல் மாணவர் கண்காட்சியில் வைத்த 'துக்கம்' என்ற நீர்வண்ணப் படம், கறுப்புத் துணித் திரைக்குள் தெரியும் ஓர் இளம்பெண்ணின் முகம், அவரை ஓவியராக்கியது. முகம் வரைந்து தரச் சொல்லிச் செல்வந்தர்கள் வரிசையில் நிற்கத் தொடங்கினார்கள். பிறகு லண்டன், ஸ்பெயின், பாரிஸ் என்று வாழ்க்கை விரிந்தது. 1890இல் மதுவடிப்பு ஆலையில் வேலை செய்யும் பெண்களை அவர் எண்ணெய் வண்ணத்தில் வரைந்திருக்கிறார் என்பதை, ரயில் உப்சாலாவை விட்டு நகர்ந்தபோது நினைத்துக்கொண்டேன். அந்தப் படத்தில் அவர் தாயைத் தேடினாரா என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்த இடத்தை அவர் தேர்ந்தது என்னைத் தொடுகிறது.

லெக்சாண்ட் ஊரைக் கடந்ததும் சில்யான் ஏரி வலப்புறமும் இடப்புறமுமாக மாறி மாறித் தோன்றுகிறது. சுமார் 37 கோடி 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் ஒன்று விழுந்து உண்டான ஐரோப்பாவின் மிகப் பெரிய பள்ளத்தின் ஓரத்தில் தேங்கிய நீர் இது. மூரா சிறிய ஊர். ரயிலை விட்டு இறங்கி நடந்தால், தேவாலயத்துக்கு அருகில் மேட்டின் மீது குஸ்தாவ் வாசா மன்னரின் சிலை நிற்கிறது. 1520ஆம் ஆண்டின் இறுதியில் டென்மார்க் அரசனுக்கு எதிராகக் கிளர்ந்தெழும்படி மூரா மக்களிடம் அவர் பேசிய இடம் அது. மக்கள் முதலில் தயங்க, அவர் நார்வே நோக்கிப் புறப்பட, பின்னர் மனம் மாறிய ஊரார் பனிச்சறுக்குக் கட்டைகளில் இருவரை அனுப்பி அவரைத் திரும்ப அழைத்து வந்தார்கள். அதன் நினைவாகவே 1922 முதல் சேலன் பகுதியிலிருந்து மூராவரை 90 கிலோமீட்டர் பனிச்சறுக்கு ஓட்டம் நடக்கிறது. 1903இல் நிறுவப்பட்ட இந்தச் சிலையைச் செய்தவர் ஸோர்ன். சிற்பியாகப் போன பையன் சிற்பத்தை முழுதாக விட்டுவிடவில்லை.

வியாழன், மூரா

இன்று நாள் முழுவதும் ஓவியரின் பெயரைத் தாங்கிய இடங்களிலேயே கழிந்தது. ஸோர்ன் அருங்காட்சியகம் செங்கல் கட்டடம். ஸ்டாக்ஹோம் நகர மன்றத்தை வடிவமைத்த ரக்னார் எஸ்ட்பெரிதான் இதையும் வடிவமைத்தார். 1939இல் திறக்கப்பட்டது. கணவர் இறந்து 19 ஆண்டுகள் கழித்து எம்மா ஸோர்ன் இதை நிறைவேற்றினார்.

நான் அதிக நேரம் நின்றது எட்சிங் அறையில். செம்புத் தகட்டின் மேல் மெழுகும் பிசினும் கலந்த மெல்லிய பூச்சைத் தடவி, அதன் மேல் ஊசியால் கீறி, அமிலத்தில் அமிழ்த்தினால் கீறிய இடங்களை மட்டும் அமிலம் அரிக்கிறது. அந்தப் பள்ளங்களில் மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரக் காகிதத்தோடு உருளையில் கொடுத்து அழுத்தினால் படம் விழுகிறது. ஸோர்ன் இதை 1880களின் தொடக்கத்தில் லண்டனில் குடியிருந்தபோது, அங்கே தொழில் செய்துகொண்டிருந்த ஸ்வீடன் நாட்டவரான ஆக்சல் ஹேர்மன் ஹேக்கிடம் கற்றார். வாழ்நாளில் ஏறத்தாழ 290 தகடுகள் செய்திருக்கிறார். உயிரோடு இருந்தபோது சேகரிப்பாளர்கள் அவருடைய எட்சிங்குகளை டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் பிரதிகளோடு ஒப்பிட்டு விலை கொடுத்து வாங்கினார்கள். அவரோ ரெம்பிராண்டின் எட்சிங்குகளைத் தேடித் தேடி வாங்கிச் சேர்த்தார்.

1892ஆம் ஆண்டின் 'எர்னஸ்ட் ரெனான்' எட்சிங்கைச் சொல்லாமல் இந்த அறையைக் கடக்க முடியாது. ரெனான் பிரெஞ்சு அறிஞர், வரைந்தபோது முதியவர், அதே ஆண்டில் இறந்தவர். பாரிஸில் தன் படிப்பறை நாற்காலியில் உடல் முழுவதையும் இறக்கிவைத்து அமர்ந்திருக்கிறார், கைகள் மடியில், பக்கத்து மேசையில் புத்தகங்களும் தாள்களும் குவிந்திருக்கின்றன. கண்ணாடிச் சட்டத்தை மூக்கு தொடும் அளவுக்குக் குனிந்து பார்த்தேன். முகத்துக்கு விளிம்புக் கோடே இல்லை. சாய்வாக, ஒரே திசையில், வேகமாக இழுத்த இணைகோடுகள் கன்னத்தின் மேல் ஓடி, அங்கே நிற்காமல் மேலங்கியின் மேலும் நாற்காலியின் மேலும் பின்சுவரின் மேலும் போகின்றன. கோடுகள் நெருங்கும் இடம் நிழல், விலகும் இடம் வெளிச்சம். கன்னம் எங்கே முடிகிறது என்பதை நம் கண்தான் முடிவு செய்கிறது. ஓவியத்தில் நான்கு வண்ணத்தில் செய்ததை இங்கே வண்ணமே இல்லாமல் செய்திருக்கிறார். வண்ணத்தட்டைக் காட்டிலும் இந்தக் கோடுதான் ஸோர்னின் கையெழுத்து என்று சொல்லத் துணிகிறேன். அதற்கு ஏனோ எவரும் அவர் பெயரை வைக்கவில்லை.

மேலறையில் 1915ஆம் ஆண்டின் சிவப்பு உடைத் தன்னுருவம் இருக்கிறது. உடல் பருத்து, முகம் தளர்ந்து, தலையிலிருந்து கால்வரை சிவப்பில் நிற்கும் அந்த மனிதர் அதற்குள் ஏழு முறை அமெரிக்கா போய்வந்தவர். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஸ்வீடன் கலைப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தவர். குரோவர் கிளீவ்லாண்டு, டாஃப்ட் ஆகிய குடியரசுத் தலைவர்களை எண்ணெய் வண்ணத்திலும் தியடோர் ரூஸ்வெல்ட்டை எட்சிங்கிலும் வரைந்தவர். இவ்வளவுக்கு இடையிலும் பாரிஸிலோ நியூயார்க்கிலோ தங்காமல் 1896இல் மூராவுக்கே திரும்பி வந்து குடியேறினார் என்பதை வைத்துத்தான் மற்றவற்றையெல்லாம் புரிந்துகொள்ள வேண்டும்.

அருங்காட்சியகத்துக்கு அருகிலேயே அவர்கள் வாழ்ந்த 'ஸோர்ன்கோர்டன்' வீடு. வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே போகலாம். தாய்வழிப் பாட்டனின் மர வீட்டைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்து அதைச் சுற்றிப் பல ஆண்டுகள் கட்டிக்கொண்டே போன வீடு இது. மேல்தளத்துப் பெருங்கூடம் பழங்கால வட நாட்டு மண்டபங்களைப் போல முழுக்க மரத்தால் ஆனது. சுவரில் சித்திரத் துணிகள், அலமாரியில் வெள்ளிப் பாத்திரங்கள். கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றதில் வழிகாட்டி சொன்ன பலவற்றை நான் கேட்கவில்லை. எம்மா 1942இல் இறக்கும்வரை இங்கேதான் இருந்தார். அவர் விட்டுச்சென்ற நிலையிலேயே அறைகளை வைத்திருக்கிறார்கள்.

எம்மா லாம் ஸ்டாக்ஹோமின் வசதியான யூத வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். 1885இல் ஸோர்னைத் திருமணம் செய்துகொண்டார். கலை விமர்சனத்தில் அவர் கண் கூர்மையானது என்பதை அவரை அறிந்தவர்கள் எல்லோரும் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. தந்தையிடமிருந்து பெயர் ஒன்றை மட்டுமே பெற்ற ஒருவருக்கு, அந்தப் பெயரைக் கொடுத்துச் செல்லப் பிள்ளையும் இல்லை. அவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்: 1907இல் மூராவில் வளர்ந்த உழவர் வீட்டு இளைஞர்கள் படிப்பதற்கு மக்கள் உயர்பள்ளியை நிறுவினார்கள். 1920இல் ஸ்வீடன் கவிஞர்களுக்கு ஆண்டுதோறும் வழங்க ஸ்வீடிஷ் அகாதமியிடம் பணம் கொடுத்து 'பெல்மன் பரிசை' ஏற்படுத்தினார்கள். ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில் கலை வரலாற்றுப் பேராசிரியர் பதவி ஒன்று அவர்கள் கொடையால் உண்டாகி இன்றும் ஸோர்ன் பெயரிலேயே இருக்கிறது. வீடு, படங்கள், நிலம் எல்லாம் ஸ்வீடன் அரசுக்கு எழுதிவைக்கப்பட்டன. பரிசுக்குத் தங்கள் பெயரை வைக்காமல் பதினெட்டாம் நூற்றாண்டுக் கவிஞரின் பெயரை வைத்தார்கள் என்பதையும் கவனித்தேன்.

மாலையில் ஊரின் தெற்கே 'ஸோர்ன் பழம்பண்ணை'க்கு நடந்தேன். இடிந்து விறகாகப் போகவிருந்த பழைய மரக் கட்டடங்களை டாலர்னா முழுவதிலிருந்தும் ஸோர்ன் விலைக்கு வாங்கி இங்கே கொண்டுவந்து நிறுத்தினார். சுமார் நாற்பது இருக்கின்றன, சில இடைக்காலத்தவை. ஒரு தானியக் களஞ்சியத்தின் மூலையில் தடித்த மரங்கள் ஒன்றையொன்று கவ்வும் வெட்டைக் கையால் தடவிப் பார்த்தேன். ஆணி எதுவும் தெரியவில்லை, கோடரியின் தடங்கள் விரலுக்குத் தட்டுப்படுகின்றன.

வெள்ளி, மிட்சம்மருக்கு முந்தைய நாள்

இன்று அருங்காட்சியகங்களைப் பற்றி எழுத எதுவுமில்லை. ஊரே திடலுக்கு வந்துவிட்டது. காலையில் பிர்ச் மர இலைகளையும் காட்டுப் பூக்களையும் கட்டிக் கம்பத்தை அலங்கரித்தார்கள். மாலையில் ஆண்கள் நீளக் கழிகளை இருவர் இருவராகப் பிடித்துத் தாங்க, யாரோ ஒருவர் குரல் கொடுக்க, அது கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து நின்றது. கம்பம் நிமிரும்வரை வயலின்காரர்கள் நிறுத்தாமல் வாசித்தார்கள்.

அவர்களில் ஒரு மூதாட்டியின் மார்பில் சிறிய வெள்ளிச் சின்னம் ஒன்றைப் பார்த்தேன். நான் தேடிவந்தது அதுதான்: 'ஸோர்ன் சின்னம்'. ஸோர்ன் சிறுவனாக இருந்த காலத்தில் கோடை மேய்ச்சல் நிலங்களில் மாடு மேய்க்கும் பெண்கள் பிர்ச் பட்டை சுற்றிய நீண்ட மர ஊதுகுழலிலும் மாட்டுக் கொம்பிலும் இசைத்ததை அவர் கேட்டு வளர்ந்தார். திரும்பி வந்தபோது அவை மறைந்துகொண்டிருந்தன. வயலினைப் பாவத்தின் கருவி என்று சொன்ன சமய எழுச்சி இயக்கங்களும், எங்கும் பரவிய அக்கார்டியனும், ஆலைகளுக்குப் போய்விட்ட இளைஞர்களும் எல்லாம் சேர்ந்து செய்த வேலை. 1906இல் மூராவுக்கு அருகிலுள்ள கெசுண்டாவில் கொம்பு, ஊதுகுழல், துருத்திக்குழல் முதலிய பழைய கருவிகளுக்கென்றே ஒரு போட்டியை ஏற்பாடு செய்து பரிசு கொடுத்தார். அதைப் பார்த்து மற்ற மாகாணங்களிலும் போட்டிகள் தொடங்கின. 1910இல் ஸ்டாக்ஹோமின் ஸ்கான்சன் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நாடு முழுவதிலிருந்தும் நாட்டுப்புற இசைஞர்கள் கூடியபோது, போட்டி வேண்டாம், எல்லோரும் ஒன்றாக வாசிக்கட்டும் என்று முடிவாயிற்று. வந்தவர்களுக்கு அணிவிக்க வெள்ளிச் சின்னத்தை வடிவமைத்துக் கொடுத்தவர் ஸோர்ன்.

அந்த மூதாட்டி ஓய்வாக உட்கார்ந்திருந்தபோது அனுமதி கேட்டு அருகில் போனேன். பேசத் தயங்கவில்லை. 1933 முதல் இந்தச் சின்னத்தைப் பெற நடுவர் குழுவின் முன் தனியாக வாசித்துக் காட்ட வேண்டும் என்று விளக்கினார். தேர்ந்தவருக்கு வெண்கலம், அதற்கும் மேலானவருக்கு வெள்ளி, அதோடு 'ரிக்ஸ்பேல்மன்', அதாவது நாட்டு இசைஞர் என்ற பட்டம். தங்கம் வாசித்துப் பெறுவதன்று. வாழ்நாள் பணியைப் பார்த்து அவர்களாகவே அளிப்பது.

"நடுவர்கள் விரல் வேகத்தையா பார்க்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"இல்லை. இந்தப் பாட்டு எந்த ஊருடையது, யாரிடமிருந்து உங்களுக்கு வந்தது என்பது வில்லில் தெரிய வேண்டும். வேகமாக வாசிக்கிற பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். எனக்கு முதலில் வெண்கலம்தான் கொடுத்தார்கள், தெரியுமா? நியாயமாகத்தான் கொடுத்தார்கள்."

பிறகு ஒரு பொல்ஸ்காவை எனக்காக மெதுவாக வாசித்தார். மூன்று தட்டுகள் கொண்ட நடனப் பாட்டு அது. ஆனால் மூன்றும் சம நீளம் அல்ல. முதல் தட்டு சற்றுச் சீக்கிரம் முடிந்து இரண்டாவது அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. காலால் தட்டிக் காட்டினார். அந்தச் சமமின்மை ஊருக்கு ஊர் மாறுகிறது, பக்கத்துத் திருச்சபை வட்டத்தில் இதே மெட்டை வேறு அளவில் வாசிப்பார்கள், நடுவர்கள் உற்றுக் கேட்பது இதைத்தான் என்றார். தாளில் எழுதிய இசைக்குறிப்பில் மூன்று தட்டுகளும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், ஆளிடமிருந்து ஆளுக்குத்தான் இது போய்ச்சேர வேண்டியிருக்கிறது.

நால்வண்ண முறையை உலகம் எங்கும் ஸோர்ன் பெயரால் வழங்குகிறார்கள். அவர் அதற்கு அந்தப் பெயரை வைக்கவில்லை, அப்படி ஒரு முறையை வகுத்துச் சொன்னதாகவும் தெரியவில்லை. இந்தச் சின்னமோ அவர் கையால் வரைந்து கொடுத்தது. அரசர்களையும் அமெரிக்கச் செல்வர்களையும் வரைந்து ஈட்டிய பெயரை, மாடு மேய்ப்பவர்களின் இசைக்கு அரணாக நிறுத்தினார். எனக்கு இந்த இரண்டாவது பயன்பாடுதான் பெரிது. ஓவியம் பயில்கிறவர்கள் முதலாவதை அறிந்த அளவுக்கு இதையும் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

மூதாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்த பதினாறு பதினேழு வயதுப் பெண் அவருடைய மாணவி. இந்தக் கோடையிலேயே நடுவர் முன் வாசிக்கப் போகிறாளாம். எந்தப் பாட்டுகளை வாசிப்பது என்பதில் இருவருக்கும் ஒரு சிறு விவாதம் நடந்துகொண்டிருந்தது: மாணவிக்கு வேகமானதொன்று வேண்டும், ஆசிரியை தன் மாமனிடம் கற்ற ஒரு நடைப்பாட்டைத்தான் முதலில் வாசிக்க வேண்டும் என்கிறார். நான் விடைபெற்று எழுந்தபோது, அந்த நடைப்பாட்டின் இரண்டாம் பகுதியை மறுபடி முதலிலிருந்து வாசிக்கும்படி அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.